மேல்வரிசை வேட்டைப்பல்

குறிஞ்சிப்பிட்டியில் டொக்டர் அன்ரனிப்பிள்ளையின் பல் வைத்திய நிலையத்துக்கு முன்னால் ஹாசிம் ஹாஜியாரின் வான் வந்து நின்றபோது, முதலில் இறங்கியது ஒரு பெயர்ப்பலகை.

பலகைக்கு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. உள்ளே ‘டொக்டர் ஸஹ்றா ஹாசிம், பல் வைத்தியர்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். துணி சுற்றுவதற்கு முன் ஹாஜியார் அதை ஜும்ஆ முடிந்து வந்த சனத்துக்கெல்லாம் காட்டியிருந்தார்.

டொக்டரான மகள் அதற்குப் பிறகுதான் இறங்கினாள். அவள் டொக்டராவதற்கு இன்னும் சில சில்லறை வேலைகள் மட்டும் பாக்கியிருந்தன. முதலாவது, பல் வைத்தியக் கல்லூரி எதிலாவது சேர வேண்டும்.

“டொக்டர், மகள உங்கட கையில ஒப்படைக்கிறன்” என்றார் ஹாஜியார்.

“ஒப்படைச்சது சரி. அந்தப் பலகை என்னத்துக்கு?”

“சும்மா, உங்கட போர்ட்டோட அளவு பாத்துக்கொள்ளத்தான்.”

வைத்துப் பார்த்தார்கள். ஹாஜியாரின் பலகை ஒரு சாண் பெரிதாக இருந்தது. அன்று முழுவதும் அன்ரனிப்பிள்ளை நோயாளிகளின் பல்லைச் சற்று முரட்டுத்தனமாகவே பிடுங்கினார்.

அந்தக் கட்டடம் ஒல்லாந்தர் காலத்து மாளிகை என்று டொக்டர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். ஊரார் அறிந்தவரை அது வெங்காயக் கிட்டங்கி. சுவர் தடிப்பு, ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் கடல் பக்கம் பார்த்து இறுக்கி அடித்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த ஜன்னல் பலகை ஓயாமல் அதிரும். உள்ளே கராம்பு எண்ணெயின் மணம். மழைக்குளிர் நாட்களில் அதற்கும் அடியிலிருந்து பழைய வெங்காயத்தின் மணம், மறந்துபோன உறவுக்காரன் போல மெல்ல எழுந்து வரும்.

அரசாங்கப் பல் வைத்திய பீடத்துக்கு ஸஹ்றாவின் புள்ளிகள் போதவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று கொழும்பில் ஹோட்டல் மண்டபமொன்றில் நேர்முகப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். பல் வைத்தியர் ஒருவரிடம் கொஞ்சக் காலம் வேலை பழகியிருக்க வேண்டும். மற்றது, உண்மையான மனிதப் பற்களைச் சேர்த்து, மெழுகில் வரிசையாகப் பதித்து, ஒரு முழு வாயைச் செய்து கொண்டுவர வேண்டும்.

ஸஹ்றாவுக்கு அந்தக் கல்லூரி வேண்டும். வேறெதுவும் வேண்டாம். சேவை செய்யும் ஆசை என்று அதற்கு அவள் பெயர் வைத்திருந்தாள். கண்ணாடி முன் நின்று, “மக்களுக்குச் சேவை” என்று சொல்லும்போது கன்னத்தில் குழி விழுவதை அவளே ரசித்தாள்.

பல் சேர்ப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் சனம் பிடுங்கிய பல்லை விட்டுவிட்டுப் போகாது. உடம்பிலிருந்து கழன்ற துண்டு. மண்ணில் புதைக்க வேண்டும். “பல்லத் தாங்க மகள்” என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். ஸஹ்றா அதற்கும் வழி கண்டாள். பல் அச்செடுக்கும் வெள்ளைச் சாந்தில் ஒரு துண்டை உடைத்துப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தாள். ஆட்கள் அதைக் கொண்டுபோய், பிஸ்மி சொல்லி, முருங்கை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். உண்மைப் பல் அவளுடைய போத்தலுக்குள் விழுந்தது.

மெழுகு வாய் மெல்ல நிறைந்தது. கடைவாய்ப் பற்களுக்குப் பஞ்சமில்லை. முன்பற்களும் கிடைத்தன. ஓரிடம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. மேல்வரிசையில், இடப்பக்கத்து வேட்டைப்பல்.

“அது லேசில கிடையாது பிள்ளை” என்றார் அன்ரனிப்பிள்ளை, மேடையில் நிற்பவர்போல. “வேட்டைப்பல்லுக்கு வேர் நீளம். எல்லாம் விழுந்த பிறகும் அது நிக்கும். மனிசனோட மண்ணுக்குப் போற பல் அது. நானே என்ர சேவைக் காலத்தில...”

சேவைக் காலம் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும். ஸஹ்றா கதவைத் திறந்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

உள்ளே வந்தது றுக்கியா உம்மா.

கரைத்தீவில் றுக்கியா உம்மாவைத் தெரியாதவர் இல்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கிய சனத்தில் அவரும் ஒருவர். அந்தக் கதையைச் சொல்வதற்கென்றே படைக்கப்பட்டவர். அமைச்சர் வந்தாலும், வெள்ளைக்காரர் வந்தாலும், கமராவோடு எவர் வந்தாலும் அகதி முகாமுக்காரர் அவரைத்தான் முன்னால் இருத்துவார்கள். வள்ளத்தில் தொடங்கி, கடலைக் கடந்து, கற்பிட்டிக் கரையில் முடிப்பார். எங்கே அழ வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கேட்டவர்கள் அழுதுவிட்டு, கை கொடுத்துவிட்டு, படமெடுத்துக்கொண்டு போவார்கள். போர் முடிந்து மன்னார்ப் பாதை திறந்தபோதும் அவர் போகவில்லை. அங்கே கதை கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

பற்கள் விழத் தொடங்கிய பிறகு கொஞ்சக் காலம் அவர் ஊமையாக இருந்தார். அன்ரனிப்பிள்ளை கட்டிக்கொடுத்த கட்டுப்பல்லோடுதான் பேச்சு திரும்பியது.

“டொக்டர் தம்பி, இது கதைக்கக்குள்ள கழண்டு விழுது. போன கிழம ஒரு வெள்ளக்காரி வந்தவ. வள்ளத்தில ஏறினது வரைக்கும் சொல்லிட்டன். நடுக்கடலுக்கு வந்தோண்ண பல்லு மடியில விழுந்திட்டு. அவ பயந்து எழும்பிட்டா.”

அன்ரனிப்பிள்ளை வாயைத் திறந்து பார்த்தார். மேலே ஒரே ஒரு சொந்தப் பல் நின்றது. கட்டுப்பல்லின் கம்பிக் கொக்கி அதைத்தான் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸஹ்றா விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

இடப்பக்கம். மேல்வரிசை. வேட்டைப்பல்.

டொக்டர் கொக்கியை இறுக்கிவிட்டுக் கை கழுவப் போனதும், றுக்கியா உம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

“மகள், ஒரு கதை. நான் மௌத்தாகினா இத ஆரும் கழட்ட விடாதீங்கோ.”

“ஏன் உம்மா?”

“மண்ணுக்குள்ளயும் மலக்குமார் வந்து கேள்வி கேக்கிறதுதானே. பல்லில்லாம நான் என்னத்தச் சொல்லுறது? பூஸ் பூஸெண்டு காத்துத்தான் வரும். ஊரெல்லாம் கதைச்ச வாய், அங்க போய்க் கூனிக் குறுகி நிக்கிறதா?” சிரித்தார். பிடி தளரவில்லை. “நீங்க டொக்டர் புள்ள. நீங்க சொன்னா கேப்பாங்க. வாக்குத் தாங்கோ.”

“சரி உம்மா. நான் பாத்துக்கொள்றன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவளுடைய கண் அந்தப் பல்லை விட்டு நகரவில்லை.

ஆவணியில் தலவிலத் திருவிழா வந்தது. அன்ரனிப்பிள்ளை குடும்பத்தோடு புனித அன்னம்மாளின் கோயிலுக்குப் போய்விட்டார். நிலையத்துக் கதவின் திறப்புக் கோர்வை ஸஹ்றாவின் கையில். தலைவலிக் குளிசை கேட்டு வந்தவர்களிடமும் அவள் வாயைத் திறக்கச் சொன்னாள். நேர்முகப் பரீட்சை கிட்டிக்கொண்டிருந்தது. மெழுகு வாயில் அந்த ஒரு பள்ளம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு முற்பகலில், றுக்கியா உம்மாவின் மருமகள் கமறியா ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“டொக்டர் மகள், மாமி மௌத்து. விடியக்குள்ள. குளிப்பாட்ட ஆக்கள் வந்திட்டாங்க. வாயில கட்டுப்பல்லு. தாடை இறுகிப் போச்சு, கழட்ட ஏலாம கிடக்கு.”

“கழட்டத்தான் வேணுமா?”

கேட்டுவிட்டாள். வாக்கு அந்தளவுக்கு ஞாபகம் இருந்தது.

“பின்ன? பிளாஸ்டிக்க கபுறுக்குள்ள வைக்கிறதா? நாளைக்கு ஊர் என்ட மூஞ்சியிலதானே துப்பும். நீங்க ‘தேவல்ல, கிடக்கட்டும்’ எண்டு ஒரு வார்த்த சொன்னீங்கண்டா, பள்ளி லெப்பையிட்ட அதச் சொல்லி விட்டிருவன். டொக்டர் சொன்னதெண்டா அவரும் பேச மாட்டார்.”

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்கப்பட்டது.

“கழட்டுறதுதான் நல்லது” என்றாள் ஸஹ்றா. உள்ளே போய்க் கையுறை எடுத்தாள். பல் பிடுங்கும் குறட்டையும் எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றினாள். கட்டுப்பல் கழற்றக் குறடு தேவையில்லை.

கரைத்தீவு வீட்டின் பின்புறத்தில், களப்புக் காற்றில் சீலைகளைக் கட்டி மறைப்புச் செய்திருந்தார்கள். உள்ளே பலகையில் றுக்கியா உம்மா. இலந்தை இலை ஊறிய நீரின் பச்சை வாடை. அதற்கு மேல் கற்பூரம், மூக்கைக் குத்துமளவுக்கு.

“எல்லாரும் ஒருக்கா வெளியில நில்லுங்க. இது மருத்துவ வேல.”

பெண்கள் மரியாதையாக வெளியேறினார்கள். இன்னும் கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருத்தி சொன்ன சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. கமறியா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு சீலையின் ஓரத்தைப் பிடித்து நின்றாள்.

ஸஹ்றா தாடைக்குள் விரலை நுழைத்து நெம்பினாள். இறுகிய வாய் கொஞ்சம் கொஞ்சமாக இடம் விட்டது. கட்டுப்பல் இலகுவாகக் கழன்று வந்தது. ரோஸ் நிறத் தகட்டில் நேற்றைய சோற்றுப் பருக்கையொன்று ஒட்டியிருந்தது.

அந்த ஒற்றைப் பல் நின்றது.

ஆடவில்லை. அசையவில்லை. அவள் குறட்டை வைத்தாள். டொக்டர் சொல்லிக் கொடுத்ததுபோல வெளியே தள்ளி, உள்ளே தள்ளி, திருகி. உயிருள்ளவர்களிடம் இந்த இடத்தில்தான் கஷ்டம். கத்துவார்கள், கையைப் பிடிப்பார்கள். இங்கே அந்தத் தொந்தரவு இல்லை. அவள் பலகையில் முழங்காலை ஊன்றினாள்.

ஈரத் தடியொன்று மண்ணுக்குள் முறிவதுபோல ஒரு சத்தம்.

“என்ன சத்தம், மகள்?” என்றாள் கமறியா, திரும்பாமலே.

“கொக்கி.”

பல் கையில் வந்தது. நீண்ட வேர், நுனிவரை முழுசாக. அவள் அதன் அழகைப் பார்த்தாள். மற்றக் கையின் விரல் இன்னும் வாய்க்குள் இருந்ததை அவள் மறந்திருந்தாள்.

வாய் மூடிக்கொண்டது.

கடிக்கவில்லை. கடிப்பதற்கு மேலே என்ன இருக்கிறது? ஈறு மட்டும், குளிர்ந்து, மெதுவாக, பால் குடிக்கும் பிள்ளையின் வாய்போல அவளுடைய விரலைக் கவ்வியது.

ஒருமுறை சப்பியது.

அவள் விரலை உருவிக்கொண்டாள். தாடை இறுக்கம் விட்டால் அப்படித்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். எந்தப் புத்தகத்திலும் அவள் அதைப் படித்திருக்கவில்லை.

“கழண்டிட்டா?”

“ஓம்.”

“அல்லாஹ் உங்களுக்கு நினைச்சதெல்லாம் தருவான், டொக்டர் மகள்.”

அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மையவாடி வீட்டுக்குப் பின்னால், தென்னைகளுக்கு அப்பால்தான். பெண்கள் அங்கே போவதில்லை. ஸஹ்றா கிணற்றடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை தரம் கழுவினாலும் கற்பூர மணம் போகவில்லை.

அடக்கம் முடிந்து லெப்பை தல்கீன் ஓதத் தொடங்கினார். வானவர் இருவர் வந்து, உன் இறைவன் யார், மார்க்கம் எது, நபி யார் என்று கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று கபுறுக்குள் கிடப்பவருக்கு ஞாபகமூட்டும் ஓதல். காற்று அதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தது. ஒரு வசனம். பிறகு நிறுத்தம். இன்னொரு வசனம். பிறகு நிறுத்தம்.

நிறுத்தங்களில் வேறொரு சத்தம் கேட்டது.

பூஸ்.

காற்று என்று நினைத்தாள்.

லெப்பை ஓதினார். நிறுத்தினார்.

பூ... ஸ்ஸ்.

தென்னை ஓலை ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் கிட்டங்கிக்குள் தனியாக இருந்தாள். வேட்டைப்பல்லைத் துலக்கி, மெழுகைச் சூடாக்கி, அந்தப் பள்ளத்தில் இறக்கினாள். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. முழு வாய். அழகான வாய். பல பேருடைய வாய்.

அப்போது மின்சாரம் போனது.

பகல்தான். ஆனாலும் அந்த அறைக்குப் பகலென்று ஒன்று கிடையாது. ஜன்னல் பலகையின் வெடிப்பால் ஒரு கோடு வெளிச்சம் வந்து, பல் பிடுங்கும் கதிரையின் தலைமாட்டில் விழுந்தது. கராம்பு எண்ணெய் மணக்கவில்லை. வெங்காயம் மணக்கவில்லை.

கற்பூரம்.

கதிரைக்குப் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரமில்லாமல் அது இயங்காது.

அது இயங்கியது.

உறிஞ்சும் சத்தம். ஈரமான, பசித்த சத்தம். யாருடைய வாயிலிருந்தோ எச்சிலை இழுப்பதுபோல நுனி நடுங்கியது. பிறகு, துப்பும் கிண்ணத்தின் ஓட்டைக்குள்ளிருந்து யாரோ பேச முயன்றார்கள். சொல் வரவில்லை. தொடங்கியது, சறுக்கியது, காற்றாகப் போனது. மீண்டும் தொடங்கியது. பரீட்சையில் விடை தெரிந்தும் எழுத முடியாதவரின் அவசரம் அதில் இருந்தது. கேட்பவர் யாரோ காத்து நிற்கிறார்கள். விடை சொல்ல வேண்டும். வாய் இல்லை.

“ஆரு?” என்றாள். தெரிந்துகொண்டே.

“ம...ஹ...”

மகள்.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஓடியிருக்கலாம். பல்லை எடுத்து ஹாஜியாரிடம் கொடுத்து, “வாப்பா, இத அந்தக் கபுறடியில புதைச்சிட்டு வாங்க” என்று அழுதிருக்கலாம். அவர் வைதிருப்பார், பிறகு செய்திருப்பார். ஆனால் மெழுகில் அந்த வாய் முழுமையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. நேர்முகப் பரீட்சை அடுத்த கிழமை.

“நேர்முகம் முடியட்டும் உம்மா” என்று கிசுகிசுத்தாள். “முடிஞ்சோண்ண கொண்டுவந்து தாறன். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க.”

குழாய் நின்றது.

கிண்ணத்துக்குள் அமைதி. யோசிக்கும் அமைதி.

பிறகு அவளுடைய மேலுதடு மரத்துப்போனது. ஊசி போட்டதுபோல, இடப்பக்கத்தில் தொடங்கி.

திருவிழா முடிந்து வந்த அன்ரனிப்பிள்ளை அவளுடைய வாயைச் சோதித்தார். “ஒண்டுமில்லை. நேர்முகப் பரீட்சைக்குப் போறவைக்கு வாற பயம். நான் அந்தக் காலத்தில போகேக்க எனக்குக் கால் மரத்தது.” பிறகு மெழுகு வாயைக் கையில் எடுத்துத் திருப்பினார். வேட்டைப்பல்லில் விரல் நின்றது. பல்லின் கழுத்தைச் சுற்றி, கம்பி உரசித் தேய்ந்த மெல்லிய தடம் இருந்தது. அந்தக் கம்பியை வளைத்தவர் அவர்தான்.

ஸஹ்றா கதவைப் பார்த்தாள்.

டொக்டர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“பாத்தீரா” என்றார் கடைசியில், நெகிழ்ந்து. “எவ்வளவு காலம் கொக்கி பிடிச்சிருக்கு, பல் ஒரு துளி பழுதாகேல்லை. இப்ப இருக்கிற டொக்டர்மாருக்கு இந்த வேலை வராது.”

அது யாருடைய பல் என்று கேட்காமலே மெழுகு வாயைக் கீழே வைத்தார்.

கொழும்பு ஹோட்டலின் மண்டபம் குளிரூட்டப்பட்டிருந்தது. கபுறின் குளிர் எப்படியிருக்கும் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை, அன்று தோன்றியது. நீண்ட மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். இருவரும் கறுப்புக் கோட்டு. ஒருவர் வெளிநாட்டுப் பேராசிரியர். மற்றவர் கொழும்புக் கனவான். தமிழில் பிறந்து, அதை வெகுகாலத்துக்கு முன்பே கைகழுவிவிட்டவர்.

மெழுகு வாயை மேசையில் வைத்தாள். பேராசிரியர் குனிந்து பார்த்து முகம் மலர்ந்தார்.

“நீங்கள் யார் என்று முதலில் சொல்லுங்கள்” என்றார் கனவான், பெரிய மனதோடு தமிழில்.

பாடமாக்கிய பேச்சு நெஞ்சுக்குள் வரிசையாக நின்றது. ஸஹ்றா வாயைத் திறந்தாள். மரப்பு திடீரென்று அண்ணம் முழுவதும் பரவியது. நாக்கு அவளுடையதாக இல்லை. அது ஒருமுறை புரண்டு, முன்பற்களைத் தொட்டு, துணுக்குற்று, மீண்டும் தொட்டது. பற்கள் இருப்பதை நம்ப முடியாதது போல.

“என்ட ரப்பு அல்லாஹ்” என்றது வாய்.

முதிய குரல். தெளிவான குரல். நடுக்கம் மட்டும் இருந்தது, கண்ணீரின் நடுக்கம்.

கனவான் பேராசிரியரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “சரி... இந்தத் துறைக்கு வரும்படி உங்களைத் தூண்டியது என்ன?”

“என்ட மார்க்கம் இஸ்லாம்.”

ஒரு ஸகரமும் சிந்தவில்லை. மணி அடித்ததுபோல விழுந்தது. ஸஹ்றா மேசை விளிம்பைப் பிடித்தாள். கை அவளுக்குக் கீழ்ப்படிந்தது. கால் கீழ்ப்படிந்தது. வாய் மட்டும் இல்லை.

“உங்களுக்கு முன்மாதிரியானவர்?”

“என்ட நபி முஹம்மத், ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்.”

அதன் பிறகு அவளுடைய நெஞ்சுக்குள்ளிருந்து நீண்ட மூச்சொன்று வெளியேறியது. அவள் விட்ட மூச்சு அல்ல. மண்டபம் முழுக்கக் கற்பூரம் மணத்தது. பேராசிரியர், பெண் என்ன சொன்னாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கனவானுக்குப் பாதி விளங்கவில்லை என்பதைக் கனவான்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஆழமான விழுமியங்கள் உள்ள பிள்ளை என்று மொழிபெயர்த்தார். பேராசிரியர் தலையசைத்தார். அந்த மேசையிலிருந்து இதுவரை எவரும் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. அனுப்புவதற்காக அவர்கள் வரவுமில்லை.

“வாழ்த்துகள். உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது.” கனவான் மெழுகு வாயைத் தூக்கினார். “இது அபூர்வமான வேலை. கல்லூரியின் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம். நாளைக்கே விமானத்தில் போகிறது.”

வேண்டாம். அதைத் தாருங்கள். வாக்குக் கொடுத்திருக்கிறேன். கபுறடியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் ஸஹ்றா சொன்னாள். உள்ளே, தொண்டைக்குக் கீழே, முழுப் பலத்தோடு கத்தினாள். மேலே வாய் பணிவாக மூடியிருந்தது. மெழுகு வாயை வைத்த பெட்டி பூட்டப்பட்டது.

அந்த நாளிலிருந்து அவள் பேசவில்லை. ஹாஜியாருக்கு அதில் கவலையில்லை. “பெரிய டொக்டர்மார் கனக்கக் கதைக்க மாட்டாங்க” என்று கடைத்தெருவில் விளக்கம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு பகல் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, ஒலிபெருக்கியும் பிடித்தார். குறிஞ்சிப்பிட்டியும் கரைத்தீவும் வந்திருந்தன. அன்ரனிப்பிள்ளை முன்வரிசையில், அவளுக்கு எல்லாம் தானே சொல்லிக் கொடுத்தது என்று பக்கத்துக் கதிரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கமறியா வட்டிலப்பத் தட்டோடு பந்தல் காலடியில் நின்றாள்.

ஹாஜியார் ஒலிவாங்கியைப் பிடித்து, மகள், மருத்துவம், சமூகம், தான் ஆகியவற்றைப் பற்றிப் பேசினார். தன்னைப் பற்றித்தான் கூடுதலாக.

“இப்ப டொக்டர் ஸஹ்றா ரெண்டு வார்த்த பேசுவா” என்று முடித்து, ஒலிவாங்கியை அவளுடைய கையில் திணித்தார்.

அவள் தலையசைத்து மறுத்தாள். கண் நிறைந்தது. சனம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

வாய் திறந்தது.

“எங்கள வள்ளத்தில ஏத்தக்குள்ள” என்று ஒலிபெருக்கி சொன்னது, “மையிருட்டு. புள்ளைகளுக்கு அழ வேணாமெண்டு சொன்னாங்க. புள்ளைகள் அழேல்ல. நாங்கதான் அழுதம்.”

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. கரைத்தீவுச் சனத்துக்கு அந்தக் கதை மனப்பாடம். குரலும் மனப்பாடம். பின்வரிசையில் ஒரு பெண் யாஸீன் ஓதத் தொடங்கினாள். அன்ரனிப்பிள்ளை வாய் பிளந்து இருந்தார், தன்னிடம் வரும் நோயாளிகளைப்போல.

கமறியாவின் தட்டு விழுந்தது.

அவள் பின்னால் அடியெடுத்து வைத்தாள். ஒலிவாங்கி அவள் பக்கம் திரும்பியது.

“ஓடாத, கமறியா” என்றது வாய் அன்பாக. “கேள்வியெல்லாம் முடிஞ்சுது. நல்லாச் சொன்னன். ஆனா நீ கட்டுப்பல்லக் கழட்டுவிச்சதையும் இந்தப் புள்ள என்ட சொந்தப் பல்லப் புடுங்கினதையும் நான் இன்னும் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லயே.”

ஸஹ்றா உள்ளேயிருந்து ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தெடுத்தாள். வாப்பா. மற்ற எல்லாச் சொல்லையும் விட்டுவிட்டு, அந்த ஒன்றை மட்டும் தொண்டைவரை உந்தினாள். அது நாக்கின் அடிவரை வந்தது.

பற்கள் மூடிக்கொண்டன.

மூடிய பற்களுக்குப் பின்னால் நாக்கு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை, ஒவ்வொரு பல்லாக, ஆறுதலாகத் தடவிப் பார்த்தது. ஒன்றும் ஆடவில்லை. எல்லாம் உறுதி. இன்னும் நெடுங்காலம் நிற்கும்.

ஹாஜியார் ஒலிவாங்கியைப் பறிக்கக் கை நீட்டினார். மகளின் முகம் அவர் பக்கம் திரும்பி, ஒரு பிள்ளையைத் தட்டி அமர்த்துவதுபோலப் புன்னகைத்தது.

“இரிங்கோ ஹாஜியார்” என்றது. “இப்பதானே கடலுக்கே வந்திருக்கிறன்.”